கேள்வி கேட்கப்படாத நிபுணர்

விடுமுறைப் பயணத்தில் நேர்ந்த பாதிப்புக்கு நஷ்டஈடு கிடைக்குமா, கிடைக்காதா என்பதைப் பல சமயங்களில் ஒரு நிபுணரின் அறிக்கைதான் தீர்மானிக்கிறது. அந்த அறிக்கையை நீதிமன்றம் எப்போது ஏற்க வேண்டும்? பிரிட்டனில் ஒரு வயிற்றுப்போக்கு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் இதற்கு விடை கண்டிருக்கிறது. நம் நாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கும் அதில் பாடம் இருக்கிறது.

2014 ஆகஸ்ட் மாதம். பிரிட்டனைச் சேர்ந்த ஒருவர் மனைவியையும் மகனையும் அழைத்துக்கொண்டு துருக்கிக்கு விடுமுறைக்குப் போனார். விமானம், ஹோட்டல் அறை, சாப்பாடு, பானங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை. அதை டியூஐ என்ற பெரிய சுற்றுலா நிறுவனத்துக்கு முன்பே கட்டியாகிவிட்டது. போன சில நாட்களிலேயே அவருக்கு வயிறு கெட்டது. கொஞ்சம் தேறினார். மறுபடியும் படுத்தார். இந்தத் தடவை உள்ளூர் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. மலப் பரிசோதனையில் ஒட்டுண்ணிகள், வைரஸ்கள் இரண்டுமே இருப்பது தெரிந்தது. ஊர் திரும்பிய பிறகும் வயிறு பழையபடி ஆகவில்லை.

அவர் டியூஐ மீது வழக்குப் போட்டார். ஹோட்டலில் பரிமாறிய உணவோ பானமோதான் காரணம் என்பது அவரது வாதம். அதை நிரூபிக்க அவர் தரப்பு அமர்த்திய நிபுணர் சாதாரணமானவர் அல்ல. அபர்டீன் பல்கலைக்கழகத்தின் ஓய்வுபெற்ற நுண்ணுயிரியல் பேராசிரியர் ஹ்யூ பென்னிங்டன். ஸ்காட்லாந்தில் 1996-ல் கெட்டுப்போன இறைச்சியால் ஈ-கோலி நோய் பரவி உயிர்கள் பலியானபோதும், வேல்ஸில் 2005-ல் அதே நோய் பரவியபோதும், விசாரணைக்குத் தலைமை வகித்தவர். ஹோட்டல் உணவே நோய்க்குக் காரணமாக இருக்கக்கூடிய சாத்தியம் அதிகம் என்று அவர் எழுதிக் கொடுத்தார்.

அறிக்கை சுருக்கமாக இருந்தது. மிகவும் சுருக்கமாக. அந்தக் குடும்பம் விமான நிலையத்தில் ஒரு வேளையும், ஊருக்குள் ஒரு வேளையும் வெளியே சாப்பிட்டிருந்தது. அந்தச் சாப்பாடுகள் ஏன் காரணமாக இருக்க முடியாது என்று பேராசிரியர் விளக்கவில்லை. ஆனால் டியூஐ தரப்பு அவரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யவும் இல்லை. அந்தத் தரப்புக்காகச் சாட்சி சொல்ல வேறு நிபுணரும் இல்லை. எல்லாம் முடிந்து வாதம் செய்யும் கட்டத்தில்தான், இந்த அறிக்கையில் ஓட்டைகள் இருக்கின்றன, இதை நம்பக் கூடாது என்று அதன் வக்கீல் எழுந்தார்.

கீழ்க் கோர்ட்டு நீதிபதி அந்த வாதத்தை ஏற்றார். பயணி பொய் சொல்கிறார் என்று அவர் நினைக்கவில்லை. நோய் உண்மை, அவதி உண்மை. ஆனால் ஹோட்டல் சாப்பாடுதான் காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று வழக்கைத் தள்ளுபடி செய்தார். 2020-ல் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. 2021-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் மீண்டும் டியூஐ பக்கம் சாய்ந்தது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி பீன், இந்த மனிதருக்கு நியாயமான விசாரணையே கிடைக்கவில்லை என்றார். கடைசியில் 2023 நவம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகப் பயணியின் பக்கம் நின்றார்கள். நஷ்டஈடு 29 ஆயிரம் பவுண்டு. விடுமுறைக்குப் போய் 9 ஆண்டுகளுக்குப் பிறகு.

முகத்துக்கு நேரே கேள்

இவ்வளவு பெரிய சட்டப் போராட்டத்தின் மையத்தில் இருந்தது மிக எளிமையான ஒரு கேள்வி. எதிராளியின் நிபுணர் சொல்வது தவறு என்று நினைத்தால், அதை அவரிடமே கேட்க வேண்டுமா? அல்லது அவர் வீட்டுக்குப் போன பிறகு நீதிபதியிடம் சொன்னால் போதுமா?

கேட்டுத்தான் ஆக வேண்டும் என்பது நீதிபதி ஹாட்ஜ் எழுதிய தீர்ப்பின் சாரம். இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட விதி அல்ல. 1893-ல் பிரவுன் எதிர் டன் வழக்கில் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை வகுத்ததுதான். சாட்சியை நம்ப வேண்டாம் என்று வாதாட விரும்புகிறவர், அந்தச் சாட்சிக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். உண்மைச் சம்பவங்களைச் சொல்லும் சாட்சிக்கு மட்டும் அல்ல, கருத்துச் சொல்லும் நிபுணருக்கும் இது பொருந்தும் என்று தீர்ப்பு தெளிவாக்கியது.

இதற்குக் காரணங்கள் மூன்று. வழக்காடுகிறவருக்கு நியாயம் கிடைக்க வேண்டும். சாட்சியின் நேர்மைக்கும் பெயருக்கும் பங்கம் வரும்போது பதில் சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. எல்லாவற்றையும்விட, விளக்கத்தைக் கேட்காமல் நீதிபதியால் சரியான முடிவுக்கு வர முடியாது. பென்னிங்டனைக் கேட்டிருந்தால் அந்த இரண்டு வெளிச் சாப்பாடுகளைப் பற்றி அவர் ஒரு நிமிடத்தில் விளக்கியிருக்கலாம். அல்லது விளக்க முடியாமல் திணறியிருக்கலாம். எது என்று இப்போது யாருக்கும் தெரியாது.

எதிர்க்காத நிபுணர் சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று இதற்கு அர்த்தம் இல்லை. தீர்ப்பே சில விதிவிலக்குகளைச் சொல்கிறது. காரணமே தராமல் வெறுமனே முடிவை மட்டும் எழுதிய அறிக்கை; மேலோட்டமாகப் பார்த்தாலே பிழை தெரியும் அறிக்கை; எந்த உண்மைகளை வைத்து நிபுணர் எழுதினாரோ அந்த உண்மைகளே விசாரணையில் பொய்த்துப்போன அறிக்கை; எழுத்து மூலம் கேட்ட கூர்மையான கேள்விகளுக்கு நிபுணர் பதில் சொல்லத் தவறிய அறிக்கை. இவற்றைக் குறுக்கு விசாரணை இல்லாமலே நீதிபதி ஒதுக்கலாம். பென்னிங்டனின் அறிக்கை மெலிந்ததுதான். ஆனாலும் காரணமே இல்லாத வெற்று அறிக்கை அல்ல என்பது உச்ச நீதிமன்றத்தின் முடிவு.

கடைசிச் சாப்பாடா குற்றவாளி?

வயிற்றுவலிக்கு இவ்வளவு பெரிய நிபுணர் எதற்கு என்று தோன்றலாம். நோய் வந்தால் கடைசியாகச் சாப்பிட்டதைத்தான் நாம் சந்தேகிக்கிறோம். கிருமிகள் அந்தக் கணக்கில் நடப்பதில்லை. ஸ்டெஃபைலோகாக்கஸ் நச்சு சில மணி நேரத்திலேயே வாந்தி எடுக்க வைக்கும். சால்மோனெல்லாவுக்கு 6 மணி நேரம் முதல் மூன்று நாள் வரை ஆகும். கேம்பிலோபாக்டர் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து நாள். ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி உள்ளே போய் ஒன்றிரண்டு வாரம் கழித்துக்கூட வேலையைக் காட்டும். அது சாப்பாட்டிலும் வரலாம், தண்ணீரிலும் வரலாம், நீச்சல் குளத்தில் ஒரு வாய் விழுங்கினாலும் வரலாம். திங்கட்கிழமை படுத்தவர் ஞாயிற்றுக்கிழமை பிரியாணியைக் குறை சொல்வது சரியா என்பதை நுண்ணுயிரியல் தெரிந்தவர்தான் சொல்ல முடியும்.

டியூஐ நிறுவனமே சம்பந்தப்பட்ட இன்னொரு வழக்கில், டொமினிக்கன் குடியரசுக்குப் போய் நோயுற்ற ஒரு தம்பதிக்கு 2017-ல் வெற்றி கிடைத்தது. ஹோட்டலில் பரிமாறும் சாப்பாடும் விற்கப்படும் பொருள்தான், அது தரமாக இருக்க வேண்டியது பயண நிறுவனத்தின் பொறுப்பு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. கூடவே ஓர் எச்சரிக்கையும் விடுத்தது. நோய் வந்தது என்று காட்டினால் மட்டும் போதாது, உணவு கெட்டுப்போயிருந்தது என்று நிரூபிக்க வேண்டும், அது சுலபமல்ல.

இந்தக் கண்டிப்புக்குப் பின்னணி உண்டு. அந்தக் காலகட்டத்தில் பிரிட்டனில் விடுமுறை வயிற்றுவலி ஒரு வியாபாரமாகவே ஆகியிருந்தது. கடற்கரைகளில் சுற்றும் தரகர்கள், வழக்குப் போட்டால் பணம் நிச்சயம் என்று பயணிகளைத் தூண்டிவிட்டார்கள். ஆரோக்கியமாகச் சாப்பிட்டுக் குளித்து விளையாடியவர்கள், ஊர் திரும்பிய பிறகு நோயாளிகள் ஆனார்கள். 2017-ல் மெர்சிசைடு பகுதியைச் சேர்ந்த ஒரு ஜோடி பொய்யாக நஷ்டஈடு கேட்டதற்காகச் சிறைக்கே போனது. 2018-ல் இத்தகைய வழக்குகளில் வக்கீல் செலவுக்கு அரசு உச்சவரம்பு கொண்டுவந்தது. பயண நிறுவனங்கள் ஒவ்வொரு புகாரையும் சந்தேகக் கண்ணோடு பார்ப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் சந்தேகம் இருந்தால் அதைச் சாட்சியிடம் கேட்க வேண்டும். கேட்காமல் பதுங்கியிருந்து கடைசியில் பாய்வதைத்தான் உச்ச நீதிமன்றம் தடுத்தது. பொய்க்காரர்களால் பாதிக்கப்படுவது கம்பெனிகள் மட்டும் அல்ல. உண்மையாகவே நோயுற்றவரின் நிபுணரும் சந்தேகத்துக்கு ஆளாகிறார்.

எந்த ஊர் அளவுகோல்?

காயம் என்றால் வேறுவிதமான நிபுணர் தேவை. கிரீஸ் நாட்டு ஹோட்டல் ஒன்றில் பிரிட்டிஷ் பயணி ஒருவர் இடறி, கண்ணாடிக் கதவின் மேல் விழுந்தார். கண்ணாடி உடைந்து பலத்த காயம். அந்தக் கண்ணாடியின் கனம் 5 மில்லிமீட்டர். பிரிட்டனின் பாதுகாப்பு விதிப்படி அது போதாது. கிரீஸ் நாட்டு விதிப்படி போதும். 1993-ல் சட்ட அறிக்கைகளில் வெளியான தீர்ப்பு பயணிக்கு எதிராக அமைந்தது. அந்தந்த நாட்டு விதிகளுக்கு ஹோட்டல் உட்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதுதான் பயண நிறுவனத்தின் கடமை. உலகம் முழுவதையும் பிரிட்டன் ஆக்குவது அல்ல என்பது அதன் தர்க்கம்.

அதிலிருந்து, வெளிநாட்டில் வழுக்கி விழுந்தவர்கூட அந்த நாட்டின் தரம் என்ன என்பதற்கு ஆதாரம் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஸ்பெயினில் படிக்கட்டில் தேங்கிய தண்ணீரில் வழுக்கிய பெண்மணியின் வழக்கு, உள்ளூர்த் தரம் பற்றிய சாட்சியம் இல்லாததால் 2014-ல் தோற்றது. ஈரப் படிக்கட்டு வழுக்கும் என்று சொல்ல நிபுணர் வேண்டாம். அதைத் துடைப்பதில் ஸ்பெயின் ஹோட்டல்கள் எந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்கின்றன என்று சொல்லத்தான் ஆள் வேண்டும்.

அப்படியானால் யார் நிபுணர்? கிளாஸ்கோவில் 2010 டிசம்பரில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்த ஒரு வீட்டுப் பராமரிப்பு ஊழியரின் வழக்கில், 2016-ல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் நான்கு கேள்விகளைக் கொடுத்தது. இவர் சொல்வது நீதிபதியின் வேலைக்கு உதவுமா? இவருக்கு அந்தத் துறையில் போதிய அறிவும் அனுபவமும் உண்டா? இவர் நடுநிலையானவரா? இவர் சொல்வதற்குப் பின்னால் நம்பத்தக்க அறிவுத்துறை ஒன்று இருக்கிறதா? இந்த நான்கிலும் தேறினால்தான் சாட்சியம் உள்ளே வரும். உள்ளே வந்த பிறகு அதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பது தனிக் கதை. டியூஐ வழக்கு இந்த இரண்டாவது கட்டத்தில் நடந்த சண்டை.

இங்கே என்ன நிலை?

இந்தியச் சட்டத்தில் நிபுணருக்கு வாசல் திறந்துவிட்டது 1872-ம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தின் 45-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 39-வது பிரிவு இருக்கிறது. வெளிநாட்டுச் சட்டம், அறிவியல், கலை ஆகியவற்றோடு 'வேறு எந்தத் துறையும்' என்ற சொற்கள் புதிதாகச் சேர்ந்திருக்கின்றன. நீச்சல் குளப் பாதுகாப்பு, சாகச விளையாட்டு உபகரணம், ஹோட்டல் தீத்தடுப்பு என்று எந்தத் துறையின் வல்லுநரும் வரலாம் என்பதற்கு இனி அதிக வாதம் தேவைப்படாது.

வரலாம், ஆனால் வெறுங்கையோடு வரக் கூடாது. இமாசலப் பிரதேசத்து ஆப்பிள் தோட்டங்களின் விளைச்சலை மதிப்பிட்ட ஒரு தோட்டக்கலை அதிகாரியின் அறிக்கையை நம் உச்ச நீதிமன்றம் 1999-ல் ஏற்க மறுத்தது. நிபுணர் என்றால் அந்தத் துறையில் விசேஷப் படிப்போ அனுபவமோ இருக்க வேண்டும். முடிவை மட்டும் சொல்லாமல், அதைச் சோதித்துப் பார்க்கும் அளவுகோலையும் நீதிபதியின் கையில் கொடுக்க வேண்டும் என்றது. 2009-ல் ஒரு மருத்துவமனை வழக்கிலும் அதையே வலியுறுத்தியது. நிபுணர் ஆலோசகர்தான், நீதிபதி அல்ல. பிரவுன் எதிர் டன் விதியும் நமக்கு அந்நியம் அல்ல. உத்தரப் பிரதேசத்துக் குற்ற வழக்கு ஒன்றில் 1998-ல் உச்ச நீதிமன்றம் அதை எடுத்தாண்டிருக்கிறது.

நம் ஊர்ச் சுற்றுலாப் பயணியின் புகார் பெரும்பாலும் போவது நுகர்வோர் ஆணையத்துக்கு. அங்கே பிரமாணப் பத்திரங்களே பெரும்பாலும் சாட்சியம். ஆனாலும் தேவைப்பட்டால் குறுக்கு விசாரணைக்கு இடம் உண்டு, வீடியோ மூலமும் செய்யலாம், கமிஷனரை நியமித்தும் செய்யலாம் என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆக, எதிர்த்தரப்பு நிபுணரின் பிரமாணப் பத்திரத்தைப் படித்துவிட்டுச் சும்மா இருப்பது இங்கும் ஆபத்துதான்.

எல்லா வழக்குக்கும் நிபுணர் வேண்டும் என்பதும் இல்லை. விஷயம் தானே பேசும்போது நிபுணரைத் தேடி அலைய வேண்டாம் என்று 2010-ல் ஒரு மருத்துவ வழக்கில் தீர்ப்பு வந்தது. அதற்குக் கோவளத்தைவிடச் சோகமான உதாரணம் கிடைக்காது. 2006 மார்ச்சில் குடும்பத்தோடு அங்கே விடுமுறைக்கு வந்த ஒருவர், கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல் நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்தார். குளத்தைக் காக்க வேண்டிய உயிர்க்காப்பாளருக்கு, மதுக்கூடத்தில் பரிமாறும் வேலையும் சேர்த்துத் தரப்பட்டிருந்தது. கண்ணாடிக் கோப்பையையும் குளத்தையும் ஒரே ஆள் எப்படிக் கவனிப்பார்? இதைச் சொல்ல எந்தப் பேராசிரியரும் தேவைப்படவில்லை. தேசிய ஆணையம் 62.5 லட்சம் ரூபாய் நஷ்டஈடு விதித்தது. 2019-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

தாமதம் என்ன செய்யும் என்பதற்கும் உதாரணம் இங்கேயே இருக்கிறது. 1972 ஆகஸ்டில் டெல்லியின் ஐந்து நட்சத்திர ஹோட்டல் ஒன்றில் தங்கியிருந்த ஜெர்மன் துணை விமானி ஒருவர் நீச்சல் குளத்தில் பாய்ந்தார். தலை தரையில் மோதி உடல் செயலிழந்தது. குளத்தின் அமைப்பிலேயே கோளாறு என்று கூறி டெல்லி உயர் நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் விதித்தபோது வருடம் 1997. அவர் 1985-லேயே இறந்துபோயிருந்தார். பிறகு அதே நீதிமன்றத்தின் டிவிஷன் பெஞ்ச், வாதியின் மரணத்தோடு வழக்கும் முடிந்துவிட்டது என்று அந்தத் தீர்ப்பையும் ரத்து செய்தது.

ஒரு வரிச் சான்றிதழ்

நீதிமன்ற ஆவணங்களை மொழிபெயர்த்துக் கொடுக்கும் வேலையில் இக்கட்டுரையாளரிடம் ஒருமுறை ஒரு கட்டு காகிதம் வந்தது. மலைவாசஸ்தலம் ஒன்றில் விடுதிக் குளியலறையில் விழுந்த ஓர் அம்மாளின் புகார். விடுதிப் பில், பேருந்து டிக்கெட், மருந்துக் கடை ரசீது எல்லாம் பத்திரமாக இருந்தன. டாக்டர் சான்றிதழில் மட்டும் ஒரே வரி: 'இடது கணுக்கால் எலும்பு முறிவு, ஆறு வாரம் ஓய்வு தேவை.' எப்படி விழுந்தார், தரை என்ன தரை, அந்த முறிவு வழுக்கி விழுந்ததால் வரக்கூடியதா என்று ஒரு சொல் இல்லை. மொழிபெயர்க்க இரண்டு நிமிடம் போதும். அந்த ஒரு வரியை நம்பி அந்த அம்மாள் எத்தனை வருடம் அலையப்போகிறாரோ என்ற கவலைதான் நெடுநேரம் இருந்தது.

காயம்பட்டவர் செய்யக்கூடியது கொஞ்சம்தான். ஆனால் அது அந்த இடத்திலேயே செய்ய வேண்டியது. விழுந்த இடத்தையும் படிக்கட்டையும் குளத்தின் ஆழப் பலகையையும் அப்போதே படமெடுக்க வேண்டும். மறுநாள் தரை துடைக்கப்பட்டிருக்கும், புதுப் பலகை மாட்டப்பட்டிருக்கும். விடுதி நிர்வாகத்திடம் எழுத்து மூலம் புகார் கொடுத்து நகல் வாங்க வேண்டும். வயிற்று நோய் என்றால் மாத்திரையோடு நிறுத்தாமல் மலப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கிருமி எது என்று தெரியாமல் எந்த நிபுணராலும் காலக்கணக்குப் போட முடியாது. எங்கே, எப்போது, என்ன சாப்பிட்டோம் என்று, வெளியே சாப்பிட்ட வேளைகளையும் மறைக்காமல், குறித்து வைக்க வேண்டும். துருக்கி வழக்கில் அந்த இரண்டு வேளைச் சாப்பாடுதான் 9 ஆண்டுச் சண்டைக்குக் காரணம்.

டாக்டரிடமோ பொறியாளரிடமோ அறிக்கை கேட்கும்போது, முடிவை மட்டும் எழுத வேண்டாம், ஏன் அந்த முடிவுக்கு வந்தீர்கள், வேறு காரணங்களை ஏன் ஒதுக்கினீர்கள் என்றும் எழுதுங்கள் என்று கேட்பதில் வெட்கம் இல்லை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கப் பொதுவாக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, குடியிருக்கும் ஊரிலேயே கொடுக்கலாம். கோவாவில் விழுந்தவர் கோயம்புத்தூரில் வழக்குப் போட முடியும்.

துருக்கி போன பயணி ஜெயித்தார். அவரது நிபுணர் அறிக்கை சிறந்த அறிக்கை என்பதால் அல்ல. அதை எதிர்க்க வேண்டியவர்கள் உரிய நேரத்தில் எதிர்க்காததால். அடுத்த வழக்கில் எதிர்த்தரப்பு அந்தத் தவறைச் செய்யாது. அப்போது கூண்டில் நிற்கும் நிபுணரிடம் கேட்கப்போகும் முதல் கேள்வி, அந்த விமான நிலையச் சாப்பாட்டைப் பற்றியதாகத்தான் இருக்கும். அதற்கான பதில் அறிக்கையிலேயே இருக்க வேண்டும்.